மைப்பேனா ஒழுகாமல் எழுதுவது எப்படி?

மைப்பேனா வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. தங்க நிப் என்றால்தான் வழுக்கிக்கொண்டு போகும் என்பார் ஒருவர். இரவல் கொடுத்தால் நிப் கெட்டுவிடும் என்பார் இன்னொருவர். விமானத்தில் எடுத்துப் போனால் சட்டையெல்லாம் மை, எழுதவில்லையென்றால் இரண்டு உதறு உதறினால் சரி, விலை ஏற ஏற எழுத்து மென்மையாகும் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில பாதி உண்மை, சில முழுக் கட்டுக்கதை. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க, பேனாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட இயற்பியலில் இரண்டே சங்கதிகள்.

மை ஏன் கொட்டிவிடுவதில்லை?

நம்மில் பலர் மனதில் இருக்கும் படம் இதுதான்: மேலே மை இருக்கிறது, பேனாவைச் சாய்த்துப் பிடிக்கிறோம், மை தன் எடையால் இறங்கி வருகிறது. அப்படியென்றால் மூடியைக் கழற்றிய உடனே மொத்த மையும் மேசையில் அல்லவா கொட்ட வேண்டும்?

ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்குங்கள். கீழ்வாய் திறந்தே இருந்தாலும் தண்ணீர் விழாது. அது இறங்க வேண்டுமென்றால், விட்டுப்போகும் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மேல்வாய் அடைபட்டதால் காற்றுக்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் லேசாகக் குறைய, வெளிக்காற்று கீழிருந்து தண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது. விரலை எடுத்தால் சட்டென்று விழுந்துவிடும்.

விரலை எடுத்த பிறகும் ஸ்ட்ராவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும், அதையும் பாருங்கள். ஸ்ட்ரா எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இடைவெளி குறுகக் குறுக இந்தப் பிடி வலுக்கும். குறுகிய சந்துக்குள் திரவம் தானாகவே புகுந்து நிற்கும் இந்தக் குணத்துக்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்.

மைப்பேனா இந்த இரண்டையும் வைத்தே பிழைக்கிறது. மை நிற்கும் இடம் மேலே அடைபட்ட குழாய். கீழே நிப் வரை குறுகிய சந்துகள். குழாய்க்குள் காற்று நுழைந்தால்தான் மை வெளியே வரும். அந்த மையை நுனிவரை இழுத்துவருவது சந்துகள்.

நிப்பும் அதன் அடியில் இருக்கும் கட்டையும்

பேனா வாங்குகிறவர்கள் எல்லோரும் நிப்பைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று செதுக்கல் வேலையோடு இருப்பது அதுதானே. ஆனால் வேலையில் பாதிக்கு மேல் செய்வது அதன் அடியில் ஒட்டியிருக்கும் கருப்புக் கட்டை. அதை ஃபீட் என்பார்கள்.

ஃபீடைக் கழற்றிப் பார்த்தால், நிப்பைத் தொட்டிருக்கும் மேல்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். அதன் தரையில் தலைமுடி அளவுக்கு இன்னும் மெல்லிய கீறல்கள் இருக்கும். மை கீறல்கள் வழியே கீழே வரும், காற்று காடி வழியே மேலே போகும். ஒரே பாதையில் இருவழிப் போக்குவரத்து. கட்டையின் கீழ்ப்பக்கம் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக மெல்லிய தகடுகள் தெரியும். அவை அழகுக்கு இல்லை. அவற்றின் வேலையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நிப்பின் நடுவே ஒரு பிளவு. மேலே கொஞ்சம் அகலமாகவும் நுனியை நெருங்க நெருங்கக் குறுகலாகவும் இருக்கும். குறுகலான பக்கம் பிடி வலுவாக இருப்பதால் மை நுனியை நோக்கித் தானாகவே நகர்ந்து, அங்கே வந்து நிற்கும். நின்றுவிடும், அவ்வளவுதான், சொட்டாது. நுனி தாளைத் தொட்டதும் தாளின் நார்களுக்கு இடையே இருக்கும் ஆயிரக்கணக்கான சந்துகள் மையை வாங்கிக்கொள்கின்றன. நுனியில் குறைந்த மையை ஈடுகட்டப் பிளவிலிருந்து மை வருகிறது, பிளவுக்கு ஃபீடிலிருந்து வருகிறது, ஃபீடுக்குக் குழாயிலிருந்து வருகிறது. குழாயில் அழுத்தம் குறைந்து ஒரு கட்டத்தைத் தாண்டும்போது ஒரு குட்டிக் காற்றுக் குமிழி ஃபீட் வழியாக மேலே ஏறி உள்ளே போகும். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பேனாக்கள் கிடைக்கின்றன. அதில் ஒரு பக்கம் எழுதிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஃபீடின் மேல்முனையில் குமிழி மெல்லப் பருத்து, பிய்த்துக்கொண்டு மைக்குள் ஏறுவதைப் பார்க்கலாம். மைப்பேனாவை எனக்குப் பிடிக்க இந்தக் குமிழி ஒன்றே போதும்.

மையை உள்ளேயே வைத்து எழுதும் பேனாவுக்கு ருமேனியாவைச் சேர்ந்த பெட்ராக்கே பொயெனாரு 1827-லேயே பிரான்சில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த வகைப் பேனாக்கள் ஒன்று மையைக் கக்கின, அல்லது வறண்டு நின்றன. காற்றும் மையும் ஒழுங்காக இடம் மாற்றிக்கொள்ள வழி அமையாததுதான் சிக்கல். 1884-ல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற ஃபீடில் காடியும் அதற்குள் மெல்லிய கீறல்களும் இருந்தன. அதன் பிறகே மைப்பேனா நம்பிப் பையில் வைக்கக்கூடிய பொருளானது. இன்றைய ஃபீடுகளும் அடிப்படையில் அதே யோசனையின் வாரிசுகள்தான்.

நிப்பில் பிளவு முடியும் இடத்தில் இருக்கும் துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இல்லாவிட்டால் காற்று போகாது, பேனா எழுதாது என்று நினைப்பவர்கள் உண்டு. துளையே இல்லாத நிப்களும் நன்றாக எழுதுகின்றன. காற்றுக்கான வழி ஃபீடில் இருக்கிறது. துளை அங்கே இருந்தால் பிளவு மேற்கொண்டு விரிசலாக நீளாமல் நின்றுவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மை விழுவதில்லை, இழுக்கப்படுகிறது. வெளியே போகும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே வர வேண்டும். இரண்டும் ஃபீடில் நடக்கின்றன.

பேனா மை கக்குவது ஏன்?

இந்தக் கணக்கு குலைவது குழாய்க்குள் இருக்கும் காற்று விரியும்போது. காற்று சூடானாலும் விரியும், வெளி அழுத்தம் குறைந்தாலும் விரியும். விரிந்த காற்று மையை முன்னால் தள்ளும். அப்படித் தள்ளப்பட்ட மை தாளில் சொட்டாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஃபீடின் அடியில் அந்தத் தகடுகள். அவற்றின் இடுக்குகளில் கூடுதல் மை ஏறி உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் சரியானதும் திரும்பிப் போய்விடும். தகடுகளும் நிரம்பிவிட்டால் சொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

விமானக் கதையில் உண்மை இருப்பது இதனால்தான். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பேனாவுக்குள் பாதி மையும் பாதிக் காற்றுமாக இருந்து, நிப் கீழ்ப்பக்கமாக இருந்தால் மை தள்ளப்படும். நிப் மேல்பக்கமாக இருந்தால் விரிந்த காற்று மட்டும் வெளியே போய்விடும். மை முழுக்க நிரம்பியிருந்தால் விரியக் காற்றே இல்லை. காலியாக இருந்தால் கக்க மை இல்லை. ஆகவே முழுசாக நிரப்பியோ முழுசாகக் காலி செய்தோ, நிப்பை மேலே வைத்துப் பயணம் செய்யுங்கள். விமானம் மேலே ஏறும் நேரத்தில்தான் கவனம் தேவை.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். பேனாவின் உடலையே மைத்தொட்டியாக வைத்து, டிராப்பரால் நிரப்பும் வகை ஒன்று உண்டு. மை நிறையப் பிடிக்கும். மை கால்வாசிக்குக் குறைந்தபின் மீதி முக்காலும் காற்று. கையின் சூடு மெல்லிய சுவர் வழியாக அந்தக் காற்றை எட்டும், எழுதிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று ஒரு சொட்டு விழும். பேனாவில் குறை ஏதுமில்லை. மை தீரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே நிரப்பிக்கொள்வதுதான் வழி.

உதறுவதும் கிட்டத்தட்ட இதே ரகம். உதறினால் மை ஃபீடைத் தாண்டி வந்து விழும், கொஞ்ச நேரம் எழுதும். எழுதாமல் போனதன் காரணம் அப்படியே இருக்கும், சுவரில் மட்டும் புள்ளி விழுந்திருக்கும்.

தங்கமா, எஃகா?

பேனாப் பேச்சில் அதிகமாக உளறப்படும் இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

தாளைத் தொடுவது தங்கமும் இல்லை, எஃகும் இல்லை. நிப்பின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு குமிழ் பற்றவைத்திருப்பார்கள். பிளாட்டினத்தின் உறவுக்கார உலோகங்கள் போன்றவற்றைக் கலந்து செய்த, மிகக் கடினமான உலோகக் கலவை அது. நுனிக்குமிழ் என்று வைத்துக்கொள்வோம். பல நிப்களில் 'இரிடியம் பாயின்ட்' என்று பொறித்திருக்கும். இன்று அவற்றில் பலவற்றில் இரிடியம் துளிகூட இருக்காது, பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து மென்மையாக இருக்கிறதா, சுரண்டுகிறதா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் குமிழை எவ்வளவு நேர்த்தியாக மெருகிட்டார்கள், பிளவின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பது. தங்க நிப்பிலும் எஃகு நிப்பிலும் இந்த வேலை ஒன்றுதான். நன்றாகச் செய்த எஃகு நிப், அசிரத்தையாகச் செய்த தங்க நிப்பைத் தோற்கடித்துவிடும்.

அப்புறம் தங்கம் எதற்கு? பழைய காலத்தில் புழங்கிய மைகள் அமிலத்தன்மை கொண்டவை. சாதாரண எஃகை அரித்துவிடும். தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. துருப்பிடிக்காத எஃகு வந்தபிறகு அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது. தங்க நிப்பில் 14 காரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், 18 காரட் என்றால் 75 சதவீதம். பெரும்பாலும் 585, 750 என்று நிப்பிலேயே பொறித்திருப்பார்கள். சில தங்க நிப்கள் எழுதும்போது லேசாக வளைந்து கொடுக்கும், அந்த உணர்வு இனிமையானதுதான். ஆனால் வளைவது தகட்டின் கனத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. ஆணிபோல விறைப்பான தங்க நிப்களும் ஏராளம். தங்கம் அழகு, வாங்க ஆசையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மென்மைக்காக என்று மட்டும் வாங்க வேண்டாம்.

'நிப் கைக்குப் பழகும்' என்பது பாதி உண்மை. அந்தக் கடினமான குமிழ் தேய வருஷக்கணக்காகும், அதனால் நாலு வரி இரவல் எழுதியதில் அது மாறிவிடாது. இரவலில் ஆபத்து வேறு: பால்பாயின்ட் பழக்கத்தில் அழுத்தி எழுதுகிறவர் கையில் போனால் பிளவின் இரு பக்கமும் விரிந்து, பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். பால்பாயின்டில் மை கெட்டியானது, குண்டு உருண்டால்தான் வரும், அதனால் அழுத்தம் வேண்டும். இங்கே மை தானாக வந்து நுனியில் காத்திருக்கிறது. பேனாவின் எடையே போதும்.

கோட்டின் தடிமன்

எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட் என்று வரிசையாகத் தடிமன் கூடும். எல்லா நிறுவனமும் பின்பற்றும் பொது அளவு கிடையாது. பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் நிப்கள் பொதுவாக ஐரோப்பிய நிப்களைவிட ஒரு படி மெல்லியவை. ஜப்பானிய மீடியம் என்பது ஐரோப்பிய ஃபைன் மாதிரி. குட்டியாக எழுதுகிறவருக்கு ஃபைன், பெரிதாக எழுதுகிறவருக்கு மீடியம் என்று தொடங்கலாம். மெல்லிய நிப் தாளை அதிகம் உணரும், அதனால் கொஞ்சம் கரகரக்கும். அது குறையில்லை.

மை நிரப்பும் வழிகள்

கார்ட்ரிட்ஜ் என்பது மை நிரப்பி அடைத்த சின்ன பிளாஸ்டிக் குப்பி. பேனாவுக்குள் செருகினால் வாய் உடைந்து மை இறங்கும். சிறிய சர்வதேச அளவு கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். பல ஐரோப்பிய நிறுவனங்கள் இந்த அளவைப் பின்பற்றுகின்றன. லாமி, பார்க்கர், பைலட், செய்லர், பிளாட்டினம் போன்றவை தங்களுக்கென்று தனி அளவு வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் திணிக்காதீர்கள்.

கார்ட்ரிட்ஜ் இருக்கும் இடத்தில் பொருத்தும் குட்டி உறிஞ்சுகுழல் கன்வெர்ட்டர். நிப்பைப் புட்டியில் முக்கி, கன்வெர்ட்டரின் பின்முனையைத் திருகினால் மை ஏறும். விதவிதமான மைகளைச் சோதித்துப் பார்க்க இதுவே வசதி. இதில் ஒரு சின்னத் தொல்லை: சில சமயம் மை பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. கன்வெர்ட்டரில் மை தெரியும், பேனா எழுதாது. லேசாகத் தட்டினால் இறங்கிவிடும். சில கன்வெர்ட்டர்களுக்குள் ஒரு குட்டிக் குண்டு உருள்வது இதற்காகத்தான்.

பேனாவின் உடலுக்குள்ளேயே உறிஞ்சும் அமைப்பு இருந்தால் பிஸ்டன் வகை. பெலிகான் நிறுவனம் 1929-ல் கொண்டுவந்த பேனா இந்த வகைதான். மை அதிகம் பிடிக்கும், கழுவக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் பேனாவுக்குக் கன்வெர்ட்டரே போதும் என்பேன்.

மையும் தாளும்

பேனாவை மாற்றுவதற்கு முன் மையையும் தாளையும் மாற்றிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரும்பாலான மைகள் தண்ணீரில் சாயம் கரைந்தவை. கழுவினால் போய்விடும், அதனால் பேனாவுக்கும் பாதுகாப்பு. இரண்டாவது வகை நிறமி மை: நிறம் கரையாமல் நுண்துகள்களாக மிதக்கும். தாளில் காய்ந்தால் தண்ணீர் பட்டாலும் அழியாது. ஃபீடுக்குள் காய்ந்தாலும் அப்படித்தான், எனவே பேனாவைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது. மூன்றாவது இரும்பு மை: டானின் அமிலமும் இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுபடப்படக் கருக்கும். மேலே சொன்ன, எஃகை அரித்த பழைய மை இதன் மூதாதைதான். இன்றைய வடிவங்கள் சாதுவானவை, ஆனாலும் அடிக்கடி கழுவ வேண்டும். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு போன்ற பிசின் கலந்திருக்கும். காய்ந்தால் அந்தச் சந்துகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

தாள் விஷயத்திலும் அதே நுண்புழைக் கதைதான். நார்களுக்கிடையே சந்து அதிகமான தாளில் மை பக்கவாட்டில் ஓடி எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், மறுபக்கமும் ஊறும். நல்ல தாளில் மை சட்டென்று ஊறாதபடி நார்களுக்குப் பசை ஏற்றியிருப்பார்கள். தாளின் கனத்தைவிட இந்தப் பசைதான் முக்கியம். டொமோயி ரிவர் என்ற ஜப்பானியத் தாளின் மெல்லிய ரகம் சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், மறுபக்கம் நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊறாது. ஊறாத தாளில் மை காய நேரமெடுக்கும். உடனே பக்கத்தைப் புரட்டினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும்.

எழுதாத பேனாவை என்ன செய்வது?

புதுப் பேனா விட்டுவிட்டு எழுதினால், முதலில் சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நிப் வழியாக நாலைந்து முறை உறிஞ்சித் தள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை ஃபீடில் இருந்தால் மை சுவரோடு ஒட்டாது, ஒட்டாவிட்டால் நுண்புழை ஏற்றம் ஏது? வெந்நீர், சாராயம், அசிட்டோன் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் பாழாகும்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் மையை மாற்றிப் பாருங்கள். சில மைகள் தாராளமாக ஓடும், சில கஞ்சம். பிறகு தாள்: கை வைத்து எழுதி வியர்வையும் எண்ணெயும் ஏறிய பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் விட்டுவிட்டு எழுதினால் பேனா குற்றமற்றது. அதன் பிறகுதான் நிப். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால், நுனியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குமிழின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால், ஒரு திசையில் இழுக்கும்போது மட்டும் சுரண்டும். தாழ்ந்த பாதியை நகத்தால் மிக லேசாக மேலே தள்ளிச் சில நொடி வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மட்டம் சரியாக இருந்தும், ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விழாமல் போகிறது, கொஞ்சம் அழுத்தினால் எழுதுகிறது என்றால் நுனியை அளவுக்கு மீறி மெருகேற்றியிருக்கலாம். பிளவின் உள்விளிம்புகள் உருண்டுபோய், மை நிற்கும் இடத்துக்கும் தாளுக்கும் நடுவே இம்மி இடைவெளி விழுந்திருக்கும். வழவழப்புக்கு ஆசைப்பட்டதன் விளைவு! இதை உப்புத்தாள் வைத்து நீங்களே தேய்க்க வேண்டாம். வாங்கிய இடத்தில் மாற்றிக் கேளுங்கள், அல்லது நிப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தினமும் எழுதும் பேனாவை மாதம் ஒருமுறை அலசினால் போதும். மை மாற்றும்போதும், சில வாரம் எழுதப்போவதில்லை என்றாலும் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

முதல் பேனா

விலை கூடும்போது கூடுவது பெரும்பாலும் உடலின் பொருள், வேலைப்பாடு, தங்கம், பெயர். எஃகு நிப்பும் பிளாஸ்டிக் ஃபீடும் கன்வெர்ட்டரும் உள்ள ஒரு பேனா, எழுதும் வேலையை முழுசாகச் செய்துவிடும். 1980-ல் மாணவர்களுக்காக வந்த லாமி சஃபாரி இன்றும் பலருக்கு முதல் பேனாவாக இருப்பது இதனால்தான். அதன் கழுத்தில் விரல் வைக்கத் தட்டையான இரு முகங்கள் இருக்கும். சிலருக்கு அது வரம், பேனாவைத் திருப்பிப் பிடிக்கும் சிலருக்கு அது தண்டனை. முடிந்தால் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

சோதிக்கும்போது கையெழுத்துப் போட்டுப் பார்ப்பதால் பெரிய பயனில்லை. எல்லோரும் அதை வேகமாக, அழுத்திப் போடுவார்கள். பேனாவைத் தாளுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில், நிப்பின் மேல்முகம் மேலே பார்க்க, அழுத்தமே இல்லாமல் பிடித்து எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தாற்போல மெதுவாகச் சுழற்றுங்கள். எல்லாத் திசையிலும் கோடு அறுபடாமல் வருகிறதா, எந்த வளைவில் சுரண்டுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் சும்மா வைத்திருந்து, மறுபடி ஒரு கோடு இழுங்கள். உடனே எழுதினால் எடுத்துக்கொள்ளலாம். கூடவே சாதாரண நீலச் சாய மை ஒரு புட்டி. மினுமினுப்புத் தூள் போட்ட மைகளெல்லாம் அடுத்த பேனாவுக்கு.